புதன் மாலை முதல் திங்கள் வரை: பெங்களூரில் காலி வீட்டுக்கு மரச்சாமான் வாங்கிய நாட்குறிப்பு

புதன் மாலை, ராமமூர்த்தி நகர்

நாலாவது மாடி, இரண்டு படுக்கையறை. பால் காய்ச்சியாயிற்று, சாவி கைக்கு வந்தாயிற்று, உட்கார ஒரு நாற்காலி இல்லை. நண்பர்கள் நாலு பேருக்கும் நாலு பட்டியல். ஒருவர் எல் வடிவ சோபா என்கிறார், இன்னொருவர் தேக்குக் கட்டில் என்கிறார். இன்றைக்கு யாரும் கடைக்குப் போகக் கூடாது. இன்றைய வேலை டேப்புக்கு மட்டும்.

5 மீட்டர் டேப் ஒன்று, பழைய செய்தித்தாள் ஒரு கட்டு, செலோடேப், பேனா. பெரும்பாலானவர்கள் ஹாலிலிருந்து அளக்கத் தொடங்குவார்கள். தெருக் கேட்டிலிருந்து தொடங்க வேண்டும். சாமான் வரும் வழி எதுவோ அந்த வழியிலேயே டேப்பும் வரட்டும்: கேட், லிப்ட், லிப்டுக்கு வெளியே உள்ள நடை, வாசற்கதவு, அறைக்கதவு. ஹாலில் இடம் இருந்து லிப்டில் இடம் இல்லாமல் போவதுதான் அடுக்குமாடி வீடுகளில் அடிக்கடி நடப்பது.

லிப்ட் 8 பேர் ஏறுவது. உள்ளே பலகையில் 544 கிலோ என்று எழுதியிருக்கும். ஆளுக்கு 68 கிலோ என்ற கணக்கு. உள் அகலம் 51 இன்ச், ஆழம் 43 இன்ச், கதவு திறந்தால் 31½ இன்ச், கதவின் உயரம் 78½ இன்ச்சுக்குக் கொஞ்சம் மேல். இந்த நாலு எண்ணும்தான் அடுத்த ஐந்து நாளையும் நடத்தப்போகின்றன.

மூணு சீட் சோபா பொதுவாக 84 இன்ச் நீளம். நிமிர்த்தினாலும் அந்த லிப்ட் கதவுக்குள் போகாது. சாய்த்து நுழைக்க ஆழமும் போதாது. ஆக, ஒரே துண்டாக வரும் சோபா என்றால் படிக்கட்டுதான். ஆறரை அடி பீரோ 78 இன்ச். நிமிர்ந்தபடியே நுழையும், தலைக்கு மேல் அரை இன்ச் மிஞ்சும். குயின் மெத்தை 78க்கு 60. 6 இன்ச் கனம் என்றால் மூலைக்கு மூலை குறுக்காக நின்று சரியாக அடங்கும். 8 இன்ச் கனம் என்றால் அடங்காது. லிப்டுக்குள் கைப்பிடிக் கம்பி இருந்தால் 6 இன்ச்சும் சந்தேகம். நுரை மெத்தை வளைந்து கொடுக்கும், ஸ்பிரிங் மெத்தை கொடுக்காது. சுருட்டி, காற்றை உறிஞ்சி, உருளையாக வரும் மெத்தைக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

வாசற்கதவை அளக்கும்போது நிலையை அளந்து ஏமாறக் கூடாது. கதவை முழுக்கத் திறந்து, கதவின் முகத்திலிருந்து எதிர் நிலை வரை எவ்வளவு காலி என்று பாருங்கள். 36 இன்ச் கதவு 34தான் வழி விடும். அறைக்கதவு இன்னும் குறுகல்.

அப்புறம் அறைகள். சுவரின் நீளம் மட்டும் போதாது. சுவிட்ச் போர்டு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில், ஜன்னல் எங்கே தொடங்குகிறது, பரண் எந்த உயரத்தில், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, இத்தனையும் தாளில் ஏற வேண்டும். தரை ஓரத்தில் ஓடும் டைல் பட்டையையும் மறக்க வேண்டாம். அது சுவரைவிட அரை இன்ச் அளவு வெளியே நிற்கும். அலமாரி அதில் முட்டி நின்றுவிடும், சுவரோடு ஒட்டாது. அலமாரியைச் சுவரில் கட்டும்போது இந்த இடைவெளிக்கு ஒரு மரத்துண்டு தேவைப்படும்.

இந்த வீட்டில் பரண் 7 அடியில், அதாவது 213 செ.மீ.யில். படுக்கவைத்துப் பூட்டி நிமிர்த்தும் அலமாரிக்கு உயரத்தைப் பார்த்தால் போதாது, மூலைவிட்டம் வேண்டும். 201 செ.மீ. உயரம், 60 செ.மீ. ஆழம் உள்ள அலமாரி எழும்போது கிட்டத்தட்ட 210 செ.மீ. உயரத்தைத் தொட்டுவிட்டுத்தான் நிற்கும். மூணு செ.மீ.யில் தப்பிக்கிறது. 236 செ.மீ. அலமாரியைப் பற்றிப் பேச்சே இல்லை.

கடைசியாக செய்தித்தாள். கட்டில், சோபா, சாப்பாட்டு மேசை ஒவ்வொன்றின் உண்மை அளவுக்கும் தாளை ஒட்டி, தரையில் விரித்துவிட்டு எல்லோரும் நடந்து பார்ப்பது. கட்டிலைச் சுற்றி 2 அடியாவது வேண்டும். சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் நாற்காலியை இழுத்து எழ 30 இன்ச், பின்னால் ஆள் நடந்துபோகவும் வேண்டுமென்றால் 36 இன்ச். எல் சோபாத் தாளை விரித்ததும் பால்கனிக் கதவு பாதிதான் திறந்தது. "மச்சான், இது சரிவராதுடா" என்று எல் கேட்டவரே சொல்லி, தாளை மடித்தார். வாய்ப்பேச்சில் ஒரு மணி நேரம் இழுத்திருக்கும் சண்டை அது.

அளவுத் தாளில் இன்ச்சும் செ.மீ.யும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். நாளைக்குப் போகும் இடத்தில் எல்லாம் செ.மீ., அடுத்த நாள் போகும் இடத்தில் எல்லாம் அடியும் இன்ச்சும். நாலு போனிலும் அந்தத் தாளின் படம்.

வியாழன், நாகசந்திரா

கே.ஆர்.புராவில் ஊதா லைன், மெஜஸ்டிக்கில் மாறி பச்சை லைன், நாகசந்திராவில் இறக்கம். 2022 ஜூனில் திறந்த ஐகியா மரச்சாமான் கடை ஸ்டேஷனை ஒட்டியே இருக்கிறது. வார நாளில், கடை திறக்கும் நேரத்தில் போய்விட வேண்டும். சனி ஞாயிறு கூட்டத்தில் ஒரு கட்டிலை அசைத்துப் பார்க்கக்கூட இடம் கிடைக்காது.

நாலு பேரும் சேர்ந்தே சுற்றினால் நாள் போய்விடும். மேலே மாதிரி அறைகள், கீழே சின்னச் சாமான்கள், கடைசியில் நாமே பெட்டியை எடுக்கும் கிடங்கு, இதுதான் வரிசை. மேலே பிடித்ததன் விலைச்சீட்டைப் படம் எடுக்க வேண்டும். அதில் பொருள் எண் இருக்கும். கிடங்கில் எடுக்க வேண்டியது என்றால் எந்த வரிசை, எந்தத் தட்டு என்பதும் இருக்கும். ஒரு அலமாரிக்கு மூணு நாலு பெட்டி வரலாம். சட்டம் ஒன்றில், கதவு ஒன்றில், கீல் தனியாக, தட்டுகள் தனியாக. மாதிரி அறையில் முழுதாக நிற்பதைப் பார்த்துவிட்டுச் சட்டத்தை மட்டும் வாங்கி வந்து, கதவுக்குக் கீல் இல்லாமல் விழிக்கிற வீடுகள் உண்டு. ஒருவர் பட்டியலைப் படிக்க, இன்னொருவர் பெட்டியின் மேல் உள்ள எண்ணை வாய்விட்டுச் சொல்ல, மூணாமவர் டிக் போட வேண்டும். நிறமும் எண்ணில்தான் இருக்கிறது. வெள்ளையும் வெளிர்சாம்பலும் அட்டைப்பெட்டிக்கு வெளியே ஒரே மாதிரி.

கட்டில் விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. இங்கே குயின் கட்டிலின் உள் அளவு 150க்கு 200 செ.மீ. நம் ஊர் மெத்தைக் கடைகளில் குயின் என்றால் 60க்கு 78 இன்ச், அல்லது 60க்கு 75. 60 இன்ச் என்பது 152.4 செ.மீ. கட்டிலைவிட இரண்டரை செ.மீ. அகலம் கூட. ஓரங்கள் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். 75 இன்ச் என்பது 190.5, கால்மாட்டில் நாலு விரல் அளவு பள்ளம் விழுந்து போர்வை அதற்குள் போகும். 78 இன்ச் என்பது 198, அது பரவாயில்லை. ஆகவே கட்டிலை ஒரு கடையிலும் மெத்தையை வேறு கடையிலும் வாங்குவதாக இருந்தால், மெத்தைக்காரரிடம் "குயின்" என்று சொல்லக் கூடாது. "அகலம் 59 இன்ச், நீளம் 78½ இன்ச்" என்று சொல்லி வெட்டித் தரச் சொல்லுங்கள். நுரை மெத்தை என்றால் பெரும்பாலான மெத்தைக் கடைகள் சொன்ன அளவுக்குச் செய்து தரும்.

பார்ட்டிக்கிள் போர்டு, அதாவது மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை பற்றி ஒரு வார்த்தை. மட்டம் என்று ஒதுக்க வேண்டியதில்லை, படுக்கையறை அலமாரிக்குப் போதும். தண்ணீரும் திரும்பத் திரும்பத் திருகு போட்டுக் கழற்றுவதும்தான் அதற்கு எதிரி. ஒருமுறை ஈரம் ஏறி உப்பினால் பழைய கனத்துக்குத் திரும்பாது. தினம் தண்ணீர் ஊற்றித் துடைக்கும் தரையில் வைப்பதாக இருந்தால் காலுள்ள மாதிரியாக எடுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வாடகை வீடு மாறுகிறவர்கள் இதைக் கழற்றி மாட்டினால் மூணாவது வீட்டில் திருகு பிடிக்காது. அப்படிப்பட்டவர்களுக்குப் பழைய மரம்தான் நல்லது. அதற்கு நாளை.

பெரிய பெட்டிகளோடு மெட்ரோவில் ஏற முடியாது. கட்டில், அலமாரி இரண்டையும் சனி மாலை டெலிவரிக்குப் போட்டுவிட்டு விளக்கு, துணி மாட்டும் ஹேங்கர் மட்டும் கையில்.

வெள்ளி, சிவாஜிநகரும் பேம்பூ பஜாரும்

வெள்ளிக்கிழமை சிவாஜிநகர் போகிறவர்கள் பத்தரைக்கு அங்கே இருக்க வேண்டும். பன்னிரண்டரைக்கு மேல் ஜும்மாவுக்குப் பல கடைகள் ஷட்டரை இறக்கிவிடும். மறுபடி திறக்க இரண்டரை ஆகும். எம்.ஜி. ரோடு ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ. இந்தப் பகுதியில் மொழிக் கவலை இல்லை. கடைக்காரர் உருதில் ஒருவரோடு, கன்னடத்தில் ஒருவரோடு, தமிழில் நம்மோடு என்று ஒரே மூச்சில் பேசுவார்.

பழைய சாமான் பார்க்கிறவர் முதலில் மண்டியிட வேண்டும். மேல் பக்கம் பாலிஷ் போட்டிருக்கும், அது எதையும் சொல்லாது. அடிப்பக்கத்துக்கு யாரும் பாலிஷ் போடுவதில்லை.

"பாய், திருப்பிப் பார்க்கலாமா?"

"பாருங்க தம்பி, நல்லா பாருங்க. கால மட்டும் இழுக்காதீங்க."

திருப்பிய நாற்காலியின் அடியில் செய்தித்தாளை விரித்து, உட்காரும் சட்டத்தைக் கையால் நாலு தட்டு. தாளில் மைதா மாவு போல மெல்லிய தூள் விழுந்தால் உள்ளே மரவண்டு உயிரோடு இருக்கிறது. குண்டூசித் தலை அளவு ஓட்டைகள் மட்டும் இருந்து, தூள் விழாமல், ஓட்டையின் உட்புறம் கறுத்திருந்தால் அது பழைய கதையாக இருக்க வாய்ப்பு அதிகம். தூள் விழுந்ததை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். வீட்டில் இருக்கும் நல்ல மரத்துக்கும் அது பரவும். பார்த்த ஆறு நாற்காலியில் இரண்டில் தூள் விழுந்தது. நாலு எடுத்தோம், ஈட்டி மரம்.

அந்த நாலிலும் பிரம்புப் பின்னல் இருக்கை. இரண்டு விதப் பின்னல் உண்டு, வித்தியாசத்தைச் சட்டத்தின் ஓரத்தில் பார்க்கலாம். ஓரம் முழுக்க வரிசையாகச் சின்ன ஓட்டைகள், ஒவ்வொன்றிலும் பிரம்பு இழை நுழைந்து வெளிவந்திருந்தால் கையால் பின்னியது. ஓட்டை இல்லாமல் சுற்றிலும் ஒரு பள்ளக் கோடு ஓடி, அதில் பிரம்புக் குச்சி அடைத்திருந்தால் மிஷினில் நெய்த பாயை வெட்டிப் பதித்தது. கைப்பின்னல் ஒரு இழை அறுந்தால் பின்னுகிறவர் அந்த இடத்தைச் சரி செய்ய முடியும். பாய் கிழிந்தால் முழுப்பாயும் மாற்ற வேண்டும். விலை பேசும்போது எது என்று தெரிந்து பேசுங்கள்.

இரும்பு பீரோவுக்குக் காந்தம் கொண்டுபோக வேண்டும். ஃப்ரிட்ஜில் ஒட்டும் சின்னக் காந்தம் போதும். துருப்பிடித்த இடத்தில் பட்டி பூசி பெயிண்ட் அடித்திருந்தால் அங்கே காந்தம் சோர்ந்து வழுக்கும். முக்கியமாக அடிப்பக்க நாலு மூலையும் பின்பக்கத்தின் கீழ் ஓரமும். கைப்பிடியைத் திருப்பினால் மேலும் கீழும் பக்கவாட்டிலும் மூணு கம்பி ஓட வேண்டும். ஒன்று வளைந்திருந்தாலும் ஒரு நாள் திறக்காது. பேசி முடித்த பீரோவுக்கு 9,000 சொல்லி 6,500க்கு வந்தார். சாவி இரண்டும் கைக்கு வந்த பிறகே முன்பணம்.

சாப்பாட்டு மேசைக்குப் பார்த்தது ஷீஷம் பலகை. பெங்களூரில் மாசி, பங்குனியில் காற்று நன்றாகக் காய்ந்துவிடும், ஆடி, ஆவணியில் ஈரம். அகலமான மரப்பலகை இந்த மாற்றத்தில் கண்ணுக்குத் தெரியும் அளவு சுருங்கி விரியும். பலகையைச் சட்டத்தோடு சுற்றிலும் திருகு போட்டு இறுக்கிவிட்டால் சுருங்க இடமில்லாமல் நடுவில் வெடிக்கும். அடியில் டார்ச் அடித்தால் தெரியும்: திருகு போகும் துளை நீள்வட்டமாக இருக்கிறதா, வெறும் வட்டமா? நீள்வட்டம் என்றால் செய்தவருக்கு விவரம் தெரியும். முதல் கடையில் பார்த்த மேசையில் வட்டத் துளை, அதோடு பலகைச் சேர்க்கையில் மரத்தூளும் பசையும் கலந்து அடைத்த நீளக் கோடு. நகத்தால் கீறினால் அந்தக் கோடு மட்டும் வழுவழுப்பாக, ரேகை இல்லாமல் இருக்கும். அதை விட்டுவிட்டு அடுத்த தெருவில் 48க்கு 30 இன்ச், நாலு பேர் மேசை. உயரம் 30 இன்ச். நாற்காலி இருக்கை 18. இரண்டுக்கும் நடுவே 12 இன்ச் இருந்தால் தொடை இடிக்காது. பழைய நாற்காலியும் புது மேசையும் சேர்க்கிறவர்கள் இந்த 12ஐ அவசியம் பார்க்க வேண்டும்.

மாலை பேம்பூ பஜார். மூங்கில் கழிகளும் ஏணிகளும் சாய்ந்து நிற்கும் வரிசையில் ஒரு பிரம்பு நாற்காலியும் ஒரு மூங்கில் அலமாரியும். பில்லோடு வாங்குகிறவர்களுக்கு ஒரு தகவல்: முழுக்க மூங்கில் அல்லது பிரம்பால் ஆன மரச்சாமானுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். மற்ற மரச்சாமான்களுக்கு 18.

எல்லாம் கடையிலேயே திங்கள் வரை. சீட்டில் பொருள், அளவு, "தூள் இல்லை" என்பது வரை எழுதி வாங்கி, ஒவ்வொரு சாமானின் அடியிலும் சாக்பீஸில் ஒரு குறி போட்டுப் படம். வண்டி ஏற்றும் அவசரத்தில் நாற்காலி மாறிவிடாமல் இருக்க இது போதும்.

சனி, மைசூரு ரோடும் சிக்பேட்டையும்

சோபாவைப் பட்டறையில் செய்யச் சொல்வது என்று முடிவு. மைசூரு ரோட்டின் டிம்பர் யார்டு பக்கம் காலை போனால் மரம், பிளைவுட், நுரை எல்லாம் ஒரே சுற்றில் பார்க்கலாம். கன்னடம் நாலு வார்த்தை இருந்தால் நல்லது. "கொனே ரேட் ஹேளி" என்றால் கடைசி விலை சொல்லுங்கள்.

சோபாவில் கண்ணுக்குத் தெரிவது துணி மட்டும். பணம் போவது துணிக்கு உள்ளே. ஷோரூமில் நிற்கும் சோபாவையும் இப்படிப் பார்க்கலாம்: முன்பக்கத்து ஒரு காலை அரை அடி தூக்குங்கள். மறு முன்காலும் உடனே கூட எழுந்தால் சட்டம் உறுதி. அது தரையிலேயே நின்று சட்டம் முறுக்கிக்கொண்டால் உள்ளே ஆணி அடித்த மெல்லிய மரம். அப்புறம் அடியில் உள்ள கறுப்புத் துணியை ஒரு மூலையில் பிரித்துக் காட்டச் சொல்லலாம். ஸ்டேப்ளர் பின் நாலைப் பிடுங்கி மறுபடி அடிக்க ஒரு நிமிஷம் ஆகாது. மறுக்கிற கடையை விட்டுவிடலாம். பிரித்த மூலையில் பார்க்க வேண்டியவை: மூலைகளில் முக்கோண மரக்கட்டை வைத்துத் திருகு போட்டிருக்கிறதா, நாடா குறுக்கும் நெடுக்குமாக நெருக்கமாக ஓடுகிறதா, பட்டை உரிக்காத பச்சை மரம் தெரிகிறதா. இன்று ஒரு பட்டறையில் துணி விலகியதும் பேக்கிங் பெட்டி மரமே தெரிந்தது, பழைய ஸ்டென்சில் எழுத்தோடு.

நுரைக்கு வருவோம். எல்லோரும் "40 டென்சிட்டி சார்" என்பார்கள். டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் நுரையின் எடை, கிலோவில். கையால் அமுக்கிக் கண்டுபிடிக்க முடியாது; மட்டமான நுரையையும் விறைப்பாகச் செய்யலாம். ஆனால் எடையை மறைக்க முடியாது. 24க்கு 24 இன்ச், 5 இன்ச் கனம் உள்ள ஒரு சீட் நுரை 40 டென்சிட்டி என்றால் 1.9 கிலோ இருக்கும். 32 என்றால் 1.5 கிலோ. 23 என்றால் 1.1 கிலோதான். விமானப் பயணத்துக்குப் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று பையில் இருந்தால் போதும், வாதமே வராது. உட்காரும் இடத்துக்கு 40, சாயும் இடத்துக்கு 32 அல்லது ரெக்ரான் என்ற பாலியெஸ்டர் பஞ்சு. 23 டென்சிட்டி சீட் சீக்கிரமே நடுவில் குழிந்துவிடும்.

ஆர்டர் சீட்டில் எழுதியது இது: மொத்த நீளம் 78 இன்ச், ஆழம் 33, உட்காரும் உயரம் 17½, இரண்டு கைப்பக்கமும் போல்ட் போட்டுக் கழற்றும்படி, கால்கள் திருகிக் கழற்றும்படி, சீட் நுரை 40, பை ஜிப்போடு. கைகள் கழன்றால் நடுத்துண்டு 66 இன்ச். நிமிர்த்தினால் லிப்ட் கதவுக்குள் போகும். போல்ட் வைப்பதற்குப் பட்டறைக்காரர் கொஞ்சம் கூடக் கேட்டார், அது நியாயம். நாலு மாடி படியேற்றும் கூலியை விட அது குறைவு, சுவரில் கீறலும் இல்லை. துணியில் மீதியாகும் அரை மீட்டரையும் கேட்டு வாங்குங்கள். பின்னால் கிழிந்தால் அதே நிறம் கிடைக்காது. முன்பணம் பாதிக்கு மேல் வேண்டாம். இரண்டு வாரம் கேட்டிருக்கிறார்.

சிக்பேட்டை வேகமாக முடிந்தது. ஞாயிறன்று மொத்தக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், அதனால் இன்றே. திரைத் துணி 48 இன்ச் அகலத்தில் வரும். ஜன்னல் 6 அடி என்றால் 72 இன்ச், சுருக்கு அழகாக விழ அதைப்போல இரண்டு மடங்கு, 144 இன்ச், ஆக மூணு அகலம். உயரம் 7 அடியோடு மேல் மடிப்பு கீழ் மடிப்புக்கு ஒரு அடி சேர்த்து 8 அடி. மூணு எட்டு இருபத்துநாலு அடி, ஏழரை மீட்டர் ஒரு ஜன்னலுக்கு. காட்டன் என்றால் ஒருமுறை நனைத்த பிறகே தைக்கக் கொடுக்க வேண்டும்.

வீட்டில் ஒருவர் டெலிவரிக்குக் காவல். மாலை பெட்டிகள் வந்தன. கையெழுத்துப் போடுவதற்கு முன் எண்ணிக்கை, மூலை நசுங்கிய பெட்டியை டெலிவரிக்காரர் எதிரிலேயே படம். அலமாரிப் பெட்டிகள் எல்லாம் சேர்த்து 150 கிலோ, கூட மூணு பேர்; 544க்குள் அடங்கும். ஆனால் எடையை லிப்டின் ஒரே மூலையில் குவிக்கக் கூடாது.

ஞாயிறு, வீட்டுக்குள்

அசோசியேஷன் விதி: ஞாயிறு டிரில்லிங் இல்லை, லாரி இல்லை. ஆகவே கைவேலை. கட்டிலும் அலமாரியும் பூட்டுவது.

முதலில் ஸ்க்ரூ டிரைவர். நம் கடைகளில் கிடைக்கும் நட்சத்திர முனை பிலிப்ஸ். இந்தப் பெட்டிகளில் வரும் திருகு போசிடிரைவ், அதன் தலையில் நாலு கோடுகளுக்கு நடுவே இன்னும் நாலு மெல்லிய கோடு இருக்கும். பிலிப்ஸ் போட்டால் வழுக்கி வழுக்கித் தலை தேய்ந்துவிடும். பிஸெட் 2 முனை ஒன்று எஸ்.பி. ரோட்டில் அல்லது நல்ல ஹார்டுவேர் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள், சின்னக் காசு. ஆலன் கீ பெட்டிக்குள்ளேயே வரும்.

பையைப் பிரித்ததும் திருகுகளை எண்ணி, வகைவாரியாக இட்லித் தட்டில் போடலாம். குழி குழியாக இருப்பதால் கலக்காது. நாலு பேரும் ஒரே நேரத்தில் கை வைத்தால் பலகை முன்பின் மாறும். ஒருவர் படத்தைப் படிக்க, இருவர் பூட்ட, ஒருவர் அடுத்த பலகையை எடுத்துக் கொடுக்கட்டும். பலகையின் எந்த ஓரம் பூசியது, எந்த ஓரம் பூசாதது என்று பாருங்கள். பூசிய ஓரம்தான் முன்பக்கம்.

கேம் பூட்டு, அதாவது இரண்டு பலகையைச் சேர்த்து இறுக்கும் வட்டப் பூட்டு, அதில் நடக்கும் பெரிய தவறு அவசரம். பூட்டின் மேல் சின்ன அம்புக்குறி இருக்கும். அது எதிர்ப் பலகையிலிருந்து ஆணி வரும் துளையைப் பார்த்தபடி உட்கார வேண்டும். ஆணித் தலை உள்ளே போய், இரண்டு பலகையும் இடைவெளி இல்லாமல் ஒட்டிய பிறகு அரைச் சுற்று. கையில் லேசாகப் பிடிப்பது தெரிந்ததும் நிறுத்த வேண்டும். இன்னும் ஒரு இழுப்பு இழுத்தால் "கிறுக்" என்று ஒரு சத்தம். துளையின் ஓரத்தில் மரத்தூள் பொரியும். அந்தத் துளை இனி பிடிக்காது. மின்சார டிரைவரை இந்தப் பூட்டுகளில் வைக்கவே கூடாது.

எல்லாத் திருகையும் முக்கால்வாசி மட்டும் ஏற்றி, கடைசித் திருகு நுழைந்த பிறகே ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். முதலிலேயே இறுக்கினால் கடைசித் துளை ஒரு நூல் விலகி நிற்கும். முதுகுப் பலகை அடிக்கும் முன் இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து, இரண்டும் ஒன்றாகும் வரை சட்டத்தைத் தள்ளுங்கள். அலமாரிக் கதவு பின்னால் கோணலாக நின்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

நிமிர்த்தும்போது பரணில் தட்டவில்லை. டேப் சொன்ன மூணு செ.மீ. இருந்தது.

திங்கள், ஏற்றி இறக்கி

சிவாஜிநகர் சாமானுக்கு ஒரு குட்டி யானை போதும். அதன் தட்டு 7 அடிக்கு ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. நெரிசல் நேரத்தில் நகருக்குள் சரக்கு வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு, அதனால் பதினொரு மணிக்கு மேல், நாலு மணிக்குள். வண்டிக்காரர் ஓட்டுவதோடு சரி, தூக்குவது தனிப் பேச்சு. "நாலாவது மாடி, லிப்ட் இருக்கு, லிப்ட்ல போகாததுக்குப் படி, எல்லாம் சேர்த்து எவ்வளவுண்ணா?" என்று ஏற்றும் முன்பே கேட்டு முடித்துவிட வேண்டும்.

பீரோ முதலில், முதுகு கீழே. கதவைப் பூட்டி, சாவியை எடுத்து, நடுவில் கயிறு. மேசைக் கால்களைக் கழற்றிப் போல்ட்டுகளைப் பையில் போட்டு, பலகையின் அடியிலேயே ஒட்டியாயிற்று. கயிறு மரத்தின் மேல் போகும் ஒவ்வொரு மூலையிலும் அட்டைத் துண்டு. பிரம்பு நாற்காலிகள் எல்லாவற்றுக்கும் மேலே. அவற்றின் மேல் எதுவும் இல்லை. தார்ப்பாய் கட்டாயம், இந்த ஊர் மழை கேட்டுக்கொண்டு வராது.

கேட்டில்தான் குழப்பம். மெத்தை வண்டியும் அதே நேரத்தில் வந்துவிட்டது, இருப்பது ஒரு லிப்ட். முதலில் மெத்தை ஏற வேண்டும், ஏனென்றால் அதை வெளியே வைக்க இடமில்லை. 6 இன்ச் நுரை, 59 இன்ச் அகலம். பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமல், நிமிர்த்தி, லேசாக வளைத்து, குறுக்காக. கதவு மூடியது. பீரோ நிமிர்ந்தபடி பழைய ஜமுக்காளத்தில் இழுபட்டுப் போனது. தலைக்கு மேல் அரை இன்ச் என்று எழுதியிருந்த இடத்தில் லிப்ட் வாசல் உயரமும் தரை உயரமும் ஒரு நூல் மாறி நின்றது. லிப்டை ஒரு மாடி அனுப்பி மறுபடி வரவழைத்ததும் சரியாக நின்றது.

அப்புறம் டிரில். உயரமான அலமாரியைச் சுவரில் கட்டாமல் விடக் கூடாது. இழுப்பறைகளைப் பிள்ளைகள் ஏறும் படியாக்கினால் அலமாரியே மேலே சாயும். 2016-ல் அமெரிக்காவில் ஐகியா 2 கோடியே 90 லட்சம் இழுப்பறை அலமாரிகளைத் திரும்பப் பெற்றது இதே காரணத்துக்காக, குழந்தைகள் இறந்த பிறகு. சுவர் கான்கிரீட் என்றால் ஹேமர் டிரில், 8 மி.மீ. முனை, துளைக்குள் செருகித் திருகைப் பிடிக்கவைக்கும் 8 மி.மீ. பிளக், 50 மி.மீ. திருகு. எடை குறைந்த ஏஏசி பிளாக் சுவர் என்றால் சாதாரண பிளக் சுழலும். அதற்கென்று விற்கும் நீள நைலான் பிளக்கைக் கேளுங்கள், ஹேமரை அணைத்துவிட்டுத் துளையிடுங்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் நேர் கீழும் துளை கூடாது, ஒயர் அந்த வழியில்தான் ஓடும். டைல் பட்டையின் கனத்துக்கு ஒரு மரத்துண்டை இடையில் வைத்துத் திருகு போட்டாயிற்று.

அட்டைப் பெட்டிகளைத் தட்டையாக்கி பழைய பேப்பர்காரருக்கு. கட்டில் பெட்டி மட்டும் பரணில். அடுத்த வீட்டுக்குப் போகும்போது தேவைப்படும். மீந்த திருகுகளும் ஆலன் கீயும் ஒரு பையில், அலமாரியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது.

இரண்டு வாரம் கழித்துக் கட்டில் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்க வேண்டும். ஆள் படுத்து எழுந்து மரம் அமர்ந்த பிறகு அவை தளரும். அதே வாரத்தில் சோபா வருகிறது. வரும் அன்று ஜிப்பைத் திறந்து, சீட் நுரையைக் கொக்கித் தராசில் மாட்டி, 1.9 கிலோ காட்டிய பிறகு மீதிப் பணம்.